பல்லுக்கொதியும் செலவும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்கின் முன்மேசையில் நீண்ட காலம் வேலை செய்தேன். நம்பர் கொடுப்பது, பில் எழுதுவது, உள்ளே டொக்டரிடம் கேட்க வெட்கப்பட்டு வெளியே வந்து என்னிடம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, இவைதான் என் வேலை. நான் வைத்தியர் இல்லை. ஆனால் ஒரே ஒரு அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய பல், தள்ளிப்போட்டதால் எப்படி நகையை அடைவு வைக்கும் அளவுக்கு வளர்கிறது என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இரவு பத்து மணிக்குப் பல்லுக்கொதி தொடங்கிவிட்டது. விடியும்வரை என்ன செய்வது?

முதலில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். பல்லிடுக்கில் ஏதாவது சிக்கியிருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். இறைச்சி நாரோ மீன்முள்ளோ சிக்கி வந்த நோ இதோடேயே அடங்கிவிடுவதுண்டு.

அடங்காவிட்டால் பனடோல், அதாவது பரசிற்றமோல். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசையைத் தாண்டக் கூடாது. தடிமன் காய்ச்சலுக்கு விற்கும் பல குளிசைகளிலும் இதே மருந்துதான் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுக் குறைவாகவே எடுக்க வேண்டும்.

இபுபுரூபன் பல்லுக்கொதிக்கு நன்றாகக் கேட்கும். பனடோலோடு சேர்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தாங்களாக எடுக்கக் கூடாது. இன்னொன்று, மாரி காலத்தில் இங்கே டெங்கு கூடும். பல் நோவோடு உடம்பும் காய்ந்தால் இபுபுரூபன், அஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள். டெங்கு என்றால் அவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கராம்பு எண்ணெய் உண்மையிலேயே வேலை செய்யும். அதிலுள்ள யூஜினோல் என்ற பொருள் நரம்பைக் கொஞ்சம் மரக்க வைக்கும். ஒரு துளியைப் பஞ்சில் தொட்டு ஓட்டைக்குள் வையுங்கள். முரசில் பட்டால் எரிந்து புண்ணாகும். அஸ்பிரின் குளிசையைப் பல்லோடு அடக்கி வைத்துக்கொண்டு படுப்பவர்களும் இருக்கிறார்கள். காலையில் முரசு வெந்து வெள்ளையாகத் தோலுரிந்திருக்கும். அப்புறம் இரண்டு வருத்தத்துக்கு மருந்து தேட வேண்டும். தலையணையை உயர்த்திப் படுத்தால் துடிப்புச் சற்றுக் குறையும்.

விடிந்ததும் நோ நின்றுவிட்டது. இனிப் போகத் தேவையில்லைதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கோபப்பட்டிருக்கிறேன். நாள்கணக்காகக் கொதித்த பல் தானாக அமைதியானால் பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிருமி இன்னும் வேரின் நுனிப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். சில மாதம் கழித்துக் கன்னம் வீங்கும்போதுதான் அது திரும்பத் தெரியும்.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் கூசி உடனே விட்டுவிடுகிற பல்லை அடைத்தாலே போதும். சுடு தேத்தண்ணி குடித்தபின் நிமிடக் கணக்காக நின்று நொந்தாலோ இரவில் எழுப்பினாலோ, அடைப்பதற்கான காலம் அநேகமாகத் தாண்டிவிட்டது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் செலவு பல மடங்காக ஏறுகிறது.

எப்போது விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது?

வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கினால், கண் மூடும் அளவுக்கு மேலே ஏறினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமாக இருந்தால், வாயைத் திறக்க முடியாவிட்டால், குளிரோடு காய்ச்சல் அடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் கிளினிக் தேடி அலைய வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பல்லில் தொடங்கிய கிருமி கழுத்தில் இறங்கி மூச்சுக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டால் போதாதா?

போதாது. சூத்தைப் பல்லுக்குள் நரம்பு அழுகிய இடத்துக்கு இரத்த ஓட்டம் இல்லை, அதனால் மருந்தும் அங்கே போய்ச் சேராது. வீக்கமும் காய்ச்சலும் பரவும்போது அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல் போன்றவை தேவைப்படும், அதையும் வைத்தியர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ‘போனமுறை இதுதான் தந்தவர்’ என்று பழைய மருந்துத் துண்டைக் காட்டி வாங்குவது வீண் செலவு. மருந்து முடிந்ததும் பல் திரும்பக் கொதிக்கும். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மதுவைத் தொட்டால் வாந்தியும் படபடப்புமாகப் படுத்துவிடுவீர்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் உண்மையில் என்னென்ன இலவசமாகச் செய்வார்கள்?

பல் பிடுங்குவது, அடைப்பது, பற்காறை எடுத்துக் கிளீன் பண்ணுவது, சீழ்க்கட்டு வந்தால் வெட்டி விடுவது, எக்ஸ்ரே, மருந்து. இவைதான் அன்றாடத் தேவையில் பெரும்பங்கு.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், எதற்கும் நேரே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போவது. போய்க் கியூவில் நின்று களைத்து, ‘கவர்மென்ட்டில் ஒன்றும் நடக்காது’ என்று சொல்லிக்கொண்டு திரும்புவது. சாதாரணமாகப் பிடுங்கவோ அடைக்கவோ அங்கே போகத் தேவையில்லை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. பல பிரதேச வைத்தியசாலைகளிலும் பல் பிரிவு உண்டு. வீட்டுக்குக் கிட்ட உள்ள இடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிழமை நாளில் காலையில் நேரத்தோடு போங்கள். அங்கே முடியாதது என்றால் அவர்களே கடிதம் தந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கடிதத்தோடு போனால் எந்தப் பிரிவு என்று தேடி அலைய வேண்டியதில்லை. தாடை முறிவு, எலும்புக்குள் புதைந்த ஞானப்பல், வாயில் கட்டி போன்றவற்றுக்கு அங்குள்ள வாய், தாடை, முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுதான் சரியான இடம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. இலங்கையில் அரசாங்கப் பல் வைத்தியர்கள் வேலை நேரம் முடிந்தபின் தனியாகவும் பார்க்கலாம். மாலையில் காசு கொடுத்துப் பார்க்கும் டொக்டரே காலையில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கக் கூடும். மாலையில் நீங்கள் கொடுக்கும் காசு காத்திருக்கும் நேரத்துக்கும், ஆஸ்பத்திரியில் கிடைக்காத சில வேலைகளுக்கும்தான். இது தெரிந்தால் எதை எங்கே செய்வது என்று தீர்மானிப்பது சுலபம். பிடுங்குவதையும் கிளீன் பண்ணுவதையும் ஆஸ்பத்திரியில் முடித்துக்கொண்டு, கையிலுள்ள காசை, கெட்ட நரம்பை எடுத்துப் பல்லைக் காப்பாற்றும் வேர்ச் சிகிச்சைக்கும், அதன்மேல் தொப்பி மாதிரிப் போடும் உறையான கிரவுணுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் போவதில் ஒரு குற்றமும் இல்லை. எந்த டொக்டரும் இதற்காகக் கோபித்து நான் பார்க்கவில்லை.

போகும்போது கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசைகளையும் கொண்டுபோங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கந்தசஷ்டி விரதத்தோடு வந்து விறைப்பூசி போட்டதும் மயங்கி விழுந்தவர்கள் எங்கள் கிளினிக்கிலும் உண்டு.

கொழும்புக்கோ பேராதனைக்கோ போவது நல்லதா?

பேராதனையில் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலையும், கொழும்பு வோட் பிளேசில் தேசிய பல் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. சிக்கலான வேலைகளுக்கு இவை நல்ல இடங்கள். ஆனால் ஒரு பல்லுக்காக ஐந்தாறு முறை போய்வருவதென்றால் பஸ் காசு, தங்குமிடம், இழந்த நாட்கூலி எல்லாம் சேர்த்து உள்ளூர்த் தனியார் கிளினிக்கின் பில்லைத் தாண்டிவிடும். கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தனியாரில் ஏன் இவ்வளவு காசு?

அடைக்கும் பசை, விறைப்பூசி மருந்து, வேரைத் துப்புரவாக்கும் ஊசிகள், கிரவுண் செய்யும் பீங்கான், கதிரைகூட, எல்லாம் வெளிநாட்டில் இருந்து வருகின்றன. 2022 நெருக்கடிக்கு முன் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அந்த வருடமே 360 ரூபாவைத் தொட்டது. அப்போது ஏறிய சாமான் விலை பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. இது நியாயமான பங்கு. மிச்சம், கிளினிக்குக்குக் கிளினிக் வேறுபடும் சம்பளம், வாடகை, இலாபம். அதனால்தான் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள் என்கிறேன்.

வேர்ச் சிகிச்சை செய்து கிரவுண் போடுவதா, பேசாமல் பிடுங்குவதா?

முதலில் எது எது என்று பார்ப்போம். வேர்ச் சிகிச்சை என்பது பல்லைத் துளைத்து, உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேர்க்குழாயைத் துப்புரவாக்கி மூடுவது. கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு குழாய்கள் இருக்கும். முன்பல்லில் பெரும்பாலும் ஒன்றுதான். கடைவாய்க்குக் காசு கூட ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கிரவுண் என்பது அந்தப் பல்லை மூடிப் போடும் உறை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், டொக்டரால் இல்லை, அரைவாசிக் கணக்கால். வேர்ச் சிகிச்சைக்கு மட்டும் காசைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். நோ நின்றதும் கிரவுணை ‘பிறகு பார்ப்போம்’ என்பார்கள். கிரவுண் இல்லாத கடைவாய்ப்பல் பட்ட மரம் மாதிரி, ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது நடுவால் பிளக்கும். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை, முதலில் கொடுத்த காசும் போச்சு. ஆகவே கடைவாய்க்கு விலை கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். கிரவுணுக்குக் காசு பிந்தும் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். அதுவரை கடிக்கும் பக்கத்தை முழுதாக மூடிப் பலமாக அடைத்துவிட முடியுமா என்று பார்ப்பார்கள்.

முன்பல், கோரைப்பல் என்றால் முடிந்தவரை காப்பாற்றுங்கள். சிகிச்சையும் மலிவு, பல முன்பற்களுக்குக் கிரவுணே தேவைப்படாது. முதற் கடைவாய்ப் பல்லும், அதாவது ஆறு வயதில் முளைத்தது, காப்பாற்றத் தகுந்தது. கடைசிப் பல், ஞானப்பல், எதிரே கடிக்கப் பல்லே இல்லாத பல், இவற்றுக்காகக் கடன்படாதீர்கள். ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ‘பிடுங்கினால் தோல்வி’ என்ற எண்ணம் தேவையில்லை. காசும் பல்லின் நிலையும் இடம் கொடுக்காதபோது அது ஒழுங்கான வைத்தியம்தான்.

பிடுங்கியபின் பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடித்திருங்கள். அன்று முழுக்கத் துப்பிக்கொண்டோ கொப்பளித்துக்கொண்டோ இருக்காதீர்கள், சிகரெட்டும் வேண்டாம். உறைந்த இரத்தம் பெயர்ந்துபோனால் இரண்டு மூன்று நாளில் பிடுங்கின இடம் முன்னையதைவிட மோசமாக நோகும்.

பிடுங்கிய இடத்தில் கட்டாயம் பல் வைக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. மேலும் கீழும் ஒன்றோடொன்று கடிக்கும் இருபது பற்கள் இருந்தாலே பெரும்பாலானவர்கள் நன்றாகச் சாப்பிடலாம். கடைசியில் ஒரு பல் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

நடுவில் இடைவெளி என்றால் மலிவானது கழற்றி மாட்டும் கட்டுப்பல். பக்கத்துப் பற்களில் பிடித்து நிற்கும்படி ஒட்டிவிடும் பிரிட்ஜ் அதைவிட விலை. அதற்குப் பக்கத்திலுள்ள நல்ல பற்களையும் செதுக்க வேண்டும், அது எனக்கு எப்போதும் மனதுக்கு ஒப்பாத விஷயம். எலும்பில் திருகாணி வைக்கும் இம்பிளான்ட் எல்லாவற்றிலும் விலை கூடியது. முரசில் வருத்தம் உள்ளவர்களும் சிகரெட் குடிப்பவர்களும் அதில் காசு போடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும், கழன்றுபோகும் வாய்ப்புக் கூட. கட்டுப்பல்லை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

வாய் முழுக்கப் பழுது, கையில் கொஞ்சக் காசுதான். எதில் தொடங்குவது?

நோவும் சீழும் முதலில். அடுத்தது நோகாத சின்ன ஓட்டைகள். நொந்துகொண்டிருக்கும் ஒரு பல்லுக்கு எல்லாக் காசையும் கொட்டிவிட்டு, பக்கத்தில் இப்போதுதான் சூத்தை தொடங்கிய நாலு பல்லை விட்டுவிட்டால், வருகிற வருடம் அந்த நாலும் உங்களைத் தேடி வரும். கிளீன் பண்ணுவது அதோடு சேர்த்து. அப்புறம் கடித்துச் சாப்பிடுவதற்கான பற்கள். வெள்ளையாக்குவது, நேராக்குவது எல்லாம் கடைசி. கல்யாணத்துக்கு முதல் கிழமை பல் வெள்ளையாக்க வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் கருத்து மாறவில்லை.

விலை கேட்க வெட்கமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

கதிரையில் சாய்வதற்கு முதல் கேளுங்கள். விறைத்த வாயோடு பேரம் பேச முடியாது. ‘மொத்தம் எவ்வளவு, இதில் எக்ஸ்ரே அடங்குமா, கிரவுண் அடங்குமா, எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு கட்ட வேண்டும்?’ இவ்வளவும் முன்மேசையிலேயே கேட்கலாம். ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைவிட மலிவாக வேறு வழி உண்டா என்று டொக்டரிடம் நேராகவே கேளுங்கள். பல நேரம் உண்டு, கேட்காததால்தான் சொல்வதில்லை. எடுத்த எக்ஸ்ரேயை வாங்கி வையுங்கள், வேறு இடத்துக்குப் போனால் திரும்ப எடுக்கத் தேவை வராது.

பல முறை வர வேண்டிய வேலைக்குத் தவணையாகக் கட்ட அநேகமான இடங்களில் சம்மதிப்பார்கள். அதற்கு மேலும் தேவை என்றால் சீட்டை முன்னுக்கு எடுப்பதும் நகையை அடைவு வைப்பதும் எங்கள் ஊரில் புதிதில்லை. பிடுங்கினால் தீர்ந்துவிடும் ஒரு பல்லுக்காகத் தாலிக்கொடியை அடைவு வைக்கப் போகிறேன் என்று சொல்பவர்களை மட்டும் நான் இருக்கச் சொல்லி, முதலில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஊரில் ஒருவர் வீட்டிலேயே மலிவாகப் பல்லுக் கட்டுகிறார். போகலாமா?

வேண்டாம். பல் வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தகுதி இல்லாதவர்கள் செய்வதில் மோசமானது, கழற்ற முடியாதபடி முரசோடு ஒட்டி வைக்கும் பல். அடியில் சாப்பாடு தேங்கி, பக்கத்திலுள்ள நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். சரியாகக் கிருமி நீக்காத ஆயுதத்தால் ஈரல் அழற்சிக் கிருமியும் தொற்றலாம்.

மேற்பல் பிடுங்கினால் கண் பார்வை குறையுமா?

குறையாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

கிளீன் பண்ணினால் பல் ஆடுமாமே?

ஆடிக்கொண்டிருந்த பல்லை ஊத்தைதான் பிடித்து வைத்திருந்தது. பற்காறை கல்லாக இறுகி முரசைக் கீழே தள்ளி, எலும்பையும் கரைத்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை தெரிகிறது, அவ்வளவுதான். முதல் சில நாள் கூசும், பிறகு சரியாகும். முரசில் இரத்தம் வருவதால் பிரஷ் பண்ணாமல் விடுபவர்களுக்கும் இதே பதில். ஊத்தை இருப்பதால்தான் இரத்தம் வருகிறது. மென்மையான பிரஷால் அந்த இடத்தை இன்னும் கவனமாகத் துலக்குங்கள்.

பிள்ளையின் பாற்பல் எப்படியும் விழத்தானே போகிறது, அதற்கு ஏன் செலவு?

கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்கும். ஐந்து வயதில் சூத்தை வந்த பல்லோடு பிள்ளை இன்னும் ஐந்தாறு வருடம் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும். முன்னமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தைப் பிடிக்கும். பிறகு வருகிற பல் கோணலாக வரும், அப்புறம் கிளிப் போடக் காசு தேட வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஆறு வயதுப் பல். எந்தப் பாற்பல்லும் விழாமல், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பது அது. தாய் தகப்பன் அதையும் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல், போனால் போனதுதான். ஆறு வயதில் பிள்ளையின் வாயைத் திறந்து கடைசிவரை பாருங்கள்.

இதற்கும் இலவச வழி இருக்கிறது. 13 வயது வரையான பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்கள் உண்டு. அங்கிருந்து துண்டு வந்தால் பிள்ளையின் கொப்பிக்குள் கிடக்க விடாதீர்கள்.

பனங்கட்டி இயற்கையானதுதானே, பல்லுக்கு ஒன்றும் செய்யாதே?

பனங்கட்டியிலும் இருப்பது சீனிதான். வாயிலுள்ள கிருமிக்கு அது பனையில் இருந்து வந்ததா கரும்பில் இருந்து வந்ததா என்ற பேதம் இல்லை. அளவைவிட எத்தனை தரம் என்பதுதான் முக்கியம். பனங்கட்டிக் குட்டானை உடைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிடறு தேத்தண்ணிக்கும் ஒரு கடி கடித்து அரை மணித்தியாலம் இருந்தால், அரை மணித்தியாலமும் பல் அமிலத்தில் ஊறும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரேயடியாகச் சாப்பிட்டு முடிப்பது நல்லது. படுக்கப் போகும் பிள்ளைக்குச் சீனி போட்ட பால்போத்தலை வாயில் வைத்துவிடுவது எல்லாவற்றையும்விடக் கெடுதல்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் பல்லைக் கெடுக்கிறதா?

புளோரைட் கூடிய கிணறுகளால் பல்லில் மண்ணிறக் கறை படிவது வவுனியா, அனுராதபுரம் பக்கங்களில் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் பிரச்சினை வேறு, உவர்ப்பும் கடினத்தன்மையும், தோட்டப் பசளையால் வரும் நைத்திரேற்றும். இவை சூத்தைக்குக் காரணம் இல்லை. போத்தலில் வாங்கும் வடிகட்டிய நீரிலோ தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கும் நீரிலோ புளோரைட் மிகக் குறைவு. ஆகவே பற்பசையில்தான் அது கிடைக்க வேண்டும். பெட்டியில் புளோரைட் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். மூலிகைப் பற்பசை வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் ஒரு அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிடுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். உமிக்கரியும் செங்கல்தூளும் பல்லைத் தேய்த்துக் கரைக்கின்றன, அந்த வெள்ளை கொஞ்சக் காலத்துக்குத்தான்.

அம்மம்மா வெற்றிலை போடுவதை விடமாட்டேன் என்கிறார்.

புகையிலையும் பாக்கும் இரண்டுமே புற்றுநோயை உண்டாக்குபவை. புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துத்தான். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். விடச் சொல்லிச் சண்டை பிடிப்பதோடு நிற்காமல், வெளிச்சத்தில் வாய்க்குள் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண், வாய் திறப்பது குறைந்துபோவது, காரம் பட்டால் எரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது, நோகவில்லை என்பதற்காக விடாதீர்கள்.

சலரோகம், இருதய வருத்தம், கர்ப்பம் இருந்தால்?

சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு வருத்தம் கூடும், முரசு வருத்தம் சீனியைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிசையும் காலைச் சாப்பாடும் எடுத்துவிட்டுக் காலை நேரத்திலேயே போங்கள்.

அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைப் பல் பிடுங்குவதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் இருதய கிளினிக்கோடு கதைப்பார்.

கர்ப்பிணிகள் பல் வைத்தியத்துக்குப் பயப்படத் தேவையில்லை. நாலாம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதம்வரை வசதியான காலம். நோவோ சீழோ வந்தால் எந்த மாதமும் போகலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் கிளினிக் வழியாகவே பல் பிரிவுக்கு அனுப்புவார்.

தம்பி கனடாவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். ஒரு மாத லீவில் பல் வேலை முழுக்க முடித்துப் போகலாமா?

அடைப்பு, கிளீனிங், வேர்ச் சிகிச்சை, கிரவுண் இவ்வளவும் முடியும், வந்த முதல் கிழமையே தொடங்கினால். திருவிழா முடிந்து தேர், தீர்த்தம் எல்லாம் பார்த்துவிட்டுப் புறப்படுவதற்கு நாலு நாளுக்கு முதல் வந்து நிற்பவர்களை என்ன செய்வது? திருவிழாக் காலத்தில் கிளினிக்குகளில் கூட்டமும் கூட, நேரத்தை முன்னமே பதிந்து வையுங்கள். இம்பிளான்ட் ஒரு பயணத்தில் முடியாது. திருகாணி எலும்போடு பொருந்த மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும், திருகாணிக்கு மேல் வரும் பல்லை அதற்குப் பிறகுதான் வைப்பார்கள். எந்த நிறுவனத்தின் எந்த அளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அங்கே ஒன்று கழன்றால் அந்தத் துண்டு இல்லாமல் டொக்டர் தடுமாறுவார்.

வருவதற்கு முதல் அங்கேயே ஒன்றைப் பார்க்கட்டும். கனடாவில் அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் 2024 மே மாதத்திலிருந்து சிகிச்சை கிடைக்கிறது. பல் காப்புறுதி இல்லாதவர்கள், குடும்ப வருமானம் வருடத்துக்கு 90,000 டொலருக்குக் குறைந்தவர்கள், வரிக் கணக்குக் காட்டியிருந்தால் விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் விமானத்தில் வாயைக் கட்டிக்கொண்டு வரத் தேவையில்லை.

நெடுந்தீவில் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் படகேறி வர முடியாது.

முதலில் தீவு ஆஸ்பத்திரியில் பல் வைத்தியர் பார்க்கும் நாள் உண்டா என்று கேளுங்கள். வெளியே வரத்தான் வேண்டும் என்றால், குறிகட்டுவானில் இருந்து திரும்பும் படகு நேரத்தைச் சொல்லியே நம்பர் எடுங்கள். ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று பற்களை ஒரே விறைப்பூசியில் முடித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பல் பிடுங்குவதைக் காலையில் முதல் வேலையாக வைத்தால் இரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுப் படகேறலாம். கடல் கொந்தளிக்கும் மாரிக்கு முன்னம் ஒருமுறை வாயை முழுதாகக் காட்டிவிடுங்கள்.

சைக்கிளால் விழுந்து பிள்ளையின் முன்பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டது. என்ன செய்வது?

நிரந்தரப் பல் என்றால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியில் பிடித்து எடுங்கள். மண் பட்டிருந்தால் பாலிலோ, இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரிலோ சில விநாடி அலசுங்கள், உரஞ்ச வேண்டாம். முடிந்தால் உடனே இருந்த குழிக்குள் திரும்பச் செருகி, ஒரு துணியைக் கடிக்க வைத்துக்கொண்டு ஓடுங்கள். பயமாக இருந்தால் பல்லைப் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். கடதாசியில் சுற்றி, காயவிட்டுக் கொண்டுவரும் பல் பெரும்பாலும் பிழைக்காது. அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. கழன்றது பாற்பல் என்றால் திரும்பச் செருகக் கூடாது, மேலே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்குக் காயம் வரும். அப்போதும் பிள்ளையைக் காட்டுங்கள், உதட்டுக்குள் உடைந்த துண்டு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.